ஐ.டி.ஐ. படித்தால் வேலை கிடைக்குமா?

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். சொந்தக்காரர்கள், பழைய பட்டறை நண்பர்கள், நண்பரின் நண்பர் என்று யார் யாரோ கூப்பிடுவார்கள். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "அண்ணே, பையன் முந்நூறு சொச்சம் வாங்கியிருக்கான். பிளஸ் ஒன்ல போடவா, ஐ.டி.ஐ.ல சேத்துடவா? ஐ.டி.ஐ. முடிச்சா வேலை கெடச்சிருமில்ல?"

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். அந்தப் படிப்புதான் எனக்குச் சோறு போட்டது. ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று ஒரே வார்த்தையில் சொல்ல வாய் வருவதில்லை. தொழில் ஒன்றே, பாடத்திட்டம் ஒன்றே, சான்றிதழும் ஒன்றே. ஆனால் ஓர் ஐ.டி.ஐ.யில் படித்தவன் கம்பெனிக்குள் மெஷின் முன்னால் நிற்கிறான். இன்னொன்றில் படித்தவன் அதே கம்பெனி வாசலில் காண்ட்ராக்ட்காரரின் வேனில் வந்து இறங்கி அட்டைப்பெட்டி தூக்குகிறான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, அதைக் குறைக்க என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் செய்திகளில் ‘தொழிற்கல்விச் சீர்திருத்தம்’ என்கிறார்கள். இதைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவருக்கு, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு தாய் தகப்பனுக்கு, உட்கார்ந்து சொல்வதுபோல இதை எழுதுகிறேன்.

எது தொழிற்கல்வி?

இந்தச் சொல்லுக்குள் பல படிப்புகள் இருக்கின்றன. பள்ளியிலேயே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் ‘வொகேஷனல் குரூப்’ என்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே அதுவும் வந்தது. மூன்று வருட டிப்ளமோ தரும் பாலிடெக்னிக் இன்னொன்று. சில வாரங்களிலோ மாதங்களிலோ முடிந்துவிடும் குறுகிய காலப் பயிற்சிகள் வேறு. இவற்றுக்கு நடுவில் நிற்பதுதான் தொழிற்பயிற்சி நிலையம். அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, ஐ.டி.ஐ. என்றால்தான் ஊருக்கே தெரியும்.

சுதந்திரம் வந்த கொஞ்ச காலத்திலேயே, 1950-இல், கைவினைஞர் பயிற்சித் திட்டம் என்ற பெயரில் மத்திய அரசு இதைத் தொடங்கியது. புதிதாக எழும் ஆலைகளுக்கு அளவு பார்த்து வேலை செய்யத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்பதே நோக்கம். இன்று நாடு முழுக்க ஏறத்தாழ 15,000 ஐ.டி.ஐ.க்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை தனியாருடையவை. ஒவ்வொரு தொழிலையும் ‘டிரேடு’ என்பார்கள். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம். எட்டாம் வகுப்பு முடித்திருந்தாலே அதில் சேரலாம்.

பாடத்திட்டத்தையும் அகில இந்தியத் தேர்வையும் தீர்மானிப்பது டெல்லியில் உள்ள பயிற்சித் தலைமை இயக்குநரகம். கட்டடம், ஆசிரியர், மெஷின், கச்சாப்பொருள் எல்லாம் மாநில அரசின் பொறுப்பு, அல்லது தனியார் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆள் எடுப்பதோ கம்பெனி. ஆக, என்ன கற்றுத்தர வேண்டும் என்று முடிவு செய்பவர், கற்றுத்தருபவர், கற்றவனை வேலைக்கு எடுப்பவர் மூவரும் மூன்று இடத்தில் இருக்கிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழ வருடக்கணக்காகும். சீர்திருத்தம் என்று வரும் திட்டங்களில் பாதி, இந்த மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கும் முயற்சிதான்.

பயிற்சி என்றால் என்ன நடக்கும்

ஃபிட்டர் டிரேடில் சேர்ந்த பையனுக்கு முதல் வாரங்களில் மெஷினைத் தொட விடமாட்டார்கள். கையில் ஓர் அரம், வைஸில் கவ்விய ஓர் இரும்புத் துண்டு, அவ்வளவுதான். அந்தத் துண்டுக்கு எங்கள் பேச்சில் ‘ஜாப்’ என்று பெயர். அதன் முகத்தைத் தட்டையாக அராவ வேண்டும். கேட்டால் சுலபமாகத் தெரியும். புதிதாக அராவுகிறவன் கையில் முகம் தட்டையாக வரவே வராது, நடுவில் உருண்டு நிற்கும். அரத்தை முன்னால் தள்ளும்போது தொடக்கத்தில் இடது கை அதிகம் அழுத்த வேண்டும், போகப் போக வலது கைக்கு அழுத்தம் மாற வேண்டும். அந்த மாற்றம் பிடிபடாதவரை அரம் ஏற்றம் இறக்கமாக ஆடும்.

எங்கள் இன்ஸ்ட்ரக்டர் ஜாப்பை வாங்கி, செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் ஏழாவது முறை கொண்டுபோனபோது ஜாப்பைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தார். "நிக்கிறதே தப்பா நிக்கிற, அப்புறம் அரம் எப்படி நேராப் போகும்?" என்று என் இடது காலைத் தன் ஷூவால் அரையடி முன்னே தள்ளிவிட்டார். அன்று மாலை இடுக்கில் வெளிச்சம் வரவில்லை. தொடக்கத்தில் அரை மில்லிமீட்டர் வரை பிழை விடுவார்கள். படிப்பு முடியும்போது 0.04 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

எல்லாம் மெஷின் செய்யும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. மெஷின் ஒரு ஜாப்பைக் கெடுத்தால், எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்கிறவனுக்குத் தட்டை என்றால் என்ன, செங்கோணம் என்றால் என்ன என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கை அறிவு இருப்பவன் புது மெஷினைச் சில வாரங்களில் பழகிக்கொள்வான். இல்லாதவன் பட்டனை மட்டும் அமுக்குவான். மெஷின் மாறியதும் அவனையும் மாற்றிவிடுவார்கள்.

வெல்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள், விஷயம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். சாதாரணமாகப் பயன்படுத்தும் ஒரு எலக்ட்ரோடு, நாம் ‘ராடு’ என்கிறோமே அது, ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் எரிந்து தீர்ந்துவிடும். ராடின் நுனியில் எரியும் மின்பொறியின், அதாவது ஆர்க்கின், நீளத்தையும் கை வேகத்தையும் சீராகப் பிடிக்க ஒரு பையன் நூற்றுக்கணக்கான ராடு எரிக்க வேண்டும். பிளேட்டைக் கீழே படுக்க வைத்து வெல்டு அடிப்பது எளிது. சாய்வாக அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றி மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக அடிப்பதை 6ஜி என்பார்கள். வளைகுடா வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களில் குழாய் வெல்டருக்கு வைக்கும் சோதனை அதுதான். ராடுக்குக் காசு, பிளேட்டுக்குக் காசு, கரண்டுக்குக் காசு. இதில் மிச்சம் பிடிக்கும் ஐ.டி.ஐ.யில் பையன் ஒரு வருடத்தில் எரிக்கிற ராடை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவனுக்கும் அதே வெல்டர் சான்றிதழ்தான் கிடைக்கும்.

அதனால்தான் சொல்கிறேன்: பயிற்சி என்பது பொருளைச் செலவழித்து, தப்பு செய்ய விட்டு, கூட நின்று திருத்த ஓர் ஆள் இருப்பது. இந்த மூன்றும் எங்கே குறைகிறதோ அங்கே சான்றிதழுக்கும் வேலைக்கும் தூரம் கூடிவிடுகிறது.

இந்தப் படிப்பை ஏன் இளப்பமாகப் பார்க்கிறோம்

பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் கணக்கின்படி, இந்தியாவில் 19 முதல் 24 வயதுக்குள் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96 சதவீதம் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இதை எடுத்துக்காட்டுகிறது. அதைப் படித்துவிட்டு நம்மவர்களுக்குத் தொழிலே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். தெருமுனை டூவீலர் மெக்கானிக்கும், கொத்தனாரும், லேத் பட்டறையில் பத்து வயதில் கூடமாட நின்று பழகிய பெரியவரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் கற்றது நிஜம், காகிதம் மட்டும் இல்லை. அப்படிப்பட்டவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறையும் இப்போது இருக்கிறது, ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்பார்கள்.

தமிழ்நாட்டில் இதற்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. பிள்ளைகள் ஒரு வேளை மட்டும் பள்ளிக்கு வந்தால் போதும், மறு வேளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது அது. செருப்பு தைப்பவர் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டுமா என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கொதித்தெழுந்தார்கள். ‘குலக்கல்வித் திட்டம்’ என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

‘தொழில் கற்றுக்கொள்’ என்று யாராவது சொன்னால் தமிழ்நாட்டில் இன்றும் ஒரு சந்தேகம் எழுகிறதே, அதன் வேர் இங்கே இருக்கிறது. அந்தச் சந்தேகம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். பிறப்பைக் காட்டி ஒரு பிள்ளையை ஒரு வேலையில் கட்டிப்போடுவது கல்வியே ஆகாது. பத்தாவது வரை எல்லோருக்கும் ஒரே படிப்பு, அதற்கப்புறம் பிள்ளையே விரும்பித் தேர்ந்தெடுக்கும் தொழில், அதிலிருந்து மேலே ஏறிப் போக ஒரு படிக்கட்டு என்று இருந்தால்தான் அது குலக்கல்வியிலிருந்து வேறுபட்டதாகும்.

படிக்கட்டு இருக்கிறது. பலருக்குத் தெரியாது, அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். ஐ.டி.ஐ.யோடு மொழிப்பாடத் தேர்வுகளை எழுதித் தேறினால், தமிழ்நாட்டில் அது பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கப்படுகிறது. என்னோடு அரம் பிடித்தவர்களில் ஒருவர் இந்த வழியிலேயே போய் இன்று டிசைன் இன்ஜினியராக இருக்கிறார். ஐ.டி.ஐ.யில் சேர்த்தால் மேற்படிப்புக் கதவு மூடிவிடும் என்று பயப்படும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நாடு முழுவதற்கும் இப்படி ஒரு படிநிலை வேண்டும் என்றுதான் 2013-இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. எந்தப் பயிற்சி எந்தப் படியில் நிற்கிறது என்று அது வரையறுக்கிறது. 2023-இல் திருத்தியபிறகு அதில் எட்டுப் படிகள்.

மெஷின் வந்தது, ஆள் வேண்டுமே

தமிழ்நாட்டில் சமீபத்தில் நடந்த பெரிய மாற்றம் மெஷின்களில்தான். டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைச் சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் ‘தொழில் 4.0’ மையங்களாக மாற்றும் திட்டம் 2023-இல் செயலுக்கு வந்தது. சி.என்.சி. மெஷின், ரோபோ கை, முப்பரிமாண அச்சு இயந்திரம், மின்சார வண்டிப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து ஒரே கூரையின் கீழ் வந்தன. தாத்தா காலத்து லேத் மட்டுமே பார்த்திருந்த எங்களுக்கு அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் பெருமையாக இருக்கிறது. இதை நான் மனதார வரவேற்கிறேன். வயரிங் பலகையோடு மட்டும் படிப்பை முடிக்கும் எலக்ட்ரீஷியன், ஒரகடத்திலோ ஓசூரிலோ ஒரு தானியங்கி அசெம்பிளி லைனைப் பார்த்தால் மிரண்டுதான் போவான்.

ஆனால் மெஷினை வாங்க டெண்டர் போதும். அதைக் கற்றுத்தர இன்ஸ்ட்ரக்டர் வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் ஆவதற்கென்று தனியாக ஒரு வருடப் பயிற்சி இருக்கிறது. சென்னை கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையம் அதைத் தரும் இடங்களில் ஒன்று. அங்கே சொல்லிக்கொடுக்கும் முறையைக் கற்கலாம். தொழில் மாறும் வேகத்தைக் கம்பெனித் தரையில்தான் கற்க முடியும். இருபது வருடங்களுக்கு முன் கம்பெனியை விட்டு வந்தவர் இன்றைய மெஷினைப் பற்றி மேனுவலைப் படித்துத்தான் பாடம் நடத்த முடியும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்டரையும் இரண்டு மாதம் சம்பளத்தோடு கம்பெனிக்கு அனுப்பினால் என்ன? கம்பெனியில் ஓய்வுக்கு நெருங்கும் நல்ல ஃபோர்மேன்களை வாரத்தில் இரண்டு நாள் ஐ.டி.ஐ.க்கு அழைத்தால் என்ன? சீர்திருத்தத்தில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்று என்னிடம் சொன்னால், மெஷினை விட்டுவிட்டு இதைத்தான் கேட்பேன்.

அரசு ஐ.டி.ஐ.யில் படிக்கும் பிள்ளைகளுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பாடப்புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் தமிழ்நாட்டில் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024-இல் ஆண்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் ஐ.டி.ஐ. படிப்புக்கும் உண்டு. பெண்களுக்கு ஐ.டி.ஐ.யில் சேர உச்ச வயது வரம்பும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வரிசை வரிசையாகப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஆனால் அந்த வரிசையில் மெஷின் நின்றுபோனால் வந்து பழுது பார்ப்பவர் பெரும்பாலும் ஆண்தான். ஆபரேட்டருக்கும் மெயின்டனன்ஸ் டெக்னீஷியனுக்கும் சம்பளத்தில் உள்ள வித்தியாசம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பெண் என்றால் தையல், கம்ப்யூட்டர் என்று கை காட்டிவிடும் பழக்கத்தை அட்மிஷன் மேஜையில் உட்காருபவர்கள் விட வேண்டும்.

கம்பெனிக்குள் கற்பது: அப்ரண்டிஸ்

ஐ.டி.ஐ. சான்றிதழ் வாங்கியதும் படிப்பு முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். பாதிதான் முடிந்திருக்கிறது. மீதியைக் கம்பெனிக்குள் போய்த்தான் கற்க வேண்டும். அதற்குத்தான் அப்ரண்டிஸ், தமிழில் ‘தொழில் பழகுநர்’. இதற்கான சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. 2014-இல் பெரிய திருத்தம் வந்தது; 2019-இல் விதிகளும் மாறின. அந்த விதிகளின்படி, முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் தர வேண்டும் என்று அதே விதிகள் நிர்ணயித்தன. அந்த உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் என்ற வரம்புக்குள், தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசே ஏற்கிறது. 2016-இல் தொடங்கிய திட்டம் அது. முன்பெல்லாம் அந்தப் பணம் கம்பெனிக்குப் போகும். இப்போது பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது.

அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிலாளி ஆகமாட்டார், பயிற்சி பெறுபவர்தான். அதனால் தொழிலாளருக்கான பல சட்ட உரிமைகள் அவருக்குக் கிடைக்காது. பணியிடப் பாதுகாப்பும், வேலையில் அடிபட்டால் இழப்பீடும் உண்டு. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. யாரை எப்படி எடுப்பது என்று அதுவே கொள்கை வகுத்துக்கொள்ளலாம். சேரும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் அப்ரண்டிஸாகப் போன இடத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பெயர் வேண்டாம். பதிவேட்டில் ஃபிட்டர் அப்ரண்டிஸ். முதல் எட்டு மாதம் நான் செய்தது, முடிந்த பாகங்களை எண்ணெயில் தோய்த்து, பாலிதீனில் சுற்றி, பெட்டியில் அடுக்குவது. மெஷின் ஷாப்புக்குள் போக அனுமதி கேட்டால், "ஆர்டர் நெருக்குது தம்பி, அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார்கள். ஒன்பதாவது மாதம் ஒரு மெயின்டனன்ஸ் ஃபிட்டர், கை உடைந்த தன் உதவியாளுக்குப் பதிலாக என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கியர் பாக்ஸைப் பிரித்து, பேரிங் எங்கே தேய்ந்திருக்கிறது என்று காதை வைத்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தார். மீதி இருந்த மூன்று மாதத்தில் நான் கற்றதுதான் என் தொழில். முழு வருடமும் அவரோடு இருந்திருந்தால் எங்கே போயிருப்பேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

என் கதை தனிக்கதை அல்ல, அதனால்தான் சொல்கிறேன். அப்ரண்டிஸ் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்க இணையதளம் இருக்கிறது. அவர்கள் தினமும் என்ன கற்றார்கள் என்று வந்து பார்க்க யாருமில்லை என்றால், பயிற்சி என்ற பெயரில் மலிவான கூலி வேலை நடக்கத்தான் செய்யும்.

ஜெர்மனியில் இதைக் கையாளும் விதம் கவனிக்கத்தக்கது. அங்கே பையனோ பெண்ணோ முதலில் ஒரு கம்பெனியோடு பயிற்சி ஒப்பந்தம் போடுகிறார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியில் வேலையோடு பயிற்சி, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் பாடம். இரண்டு முதல் மூன்றரை வருடம் இப்படிப் போகும். 1969-இல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். சுமார் 330 தொழில்களுக்கு, எந்த வருடம் என்ன கற்றுத்தர வேண்டும் என்ற அட்டவணை உண்டு. தேர்வு வைப்பது கம்பெனியும் அல்ல, பள்ளியும் அல்ல, அந்தப் பகுதியின் தொழில் வணிகச் சபை. பெட்டி அடுக்க மட்டும் விட்ட கம்பெனியின் பையன் அந்தத் தேர்வில் சறுக்குவான். கம்பெனி பெயர் ஊருக்குள் கெடும். கம்பெனியில் கற்றுத்தருபவருக்கும் அதற்கான தகுதி இருக்க வேண்டும்.

நம்மிடமும் 2016 முதல் ‘இரட்டைப் பயிற்சி முறை’ இருக்கிறது. பாடம் ஐ.டி.ஐ.யில், கைவேலை ஒப்பந்தம் போட்ட கம்பெனியில். நல்ல ஏற்பாடுதான். பெரிய கார் கம்பெனி பக்கத்தில் இருக்கும் ஊரில் இது நடக்கும். கோயம்புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப், மோட்டார், வார்ப்படம் என்று ஊரே பட்டறை. ஆனால் எட்டுப் பேர், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைகள். அந்த முதலாளியிடம் ஒரு பையனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றால் அவர் சொல்லும் பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்: "ஏனுங், ரெண்டு வருஷம் பொருளைக் கெடுத்துக் கத்துக்குவான். கத்துக்கிட்டு ஆயிரம் ரூவா சேத்துக் குடுக்கறவன்கிட்டப் போயிருவான். எனக்கு என்னங் மிச்சம்?"

தொழிற்கல்வியின் மையச் சிக்கலே இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. பயிற்சியின் செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்றால் யாரும் பயிற்சி தர முன்வரமாட்டார்கள். எல்லோருக்கும் தேர்ந்த ஆள் வேண்டும், பழக்கிவிட மட்டும் ஆளில்லை. இதற்கு வழி, ஒரே தொழில் செய்யும் பட்டறைகள் சேர்ந்து செலவைப் பங்கிட்டுக்கொள்வதுதான். ஒரு பையன் நான்கு மாதம் ஒரு பட்டறையில் வார்ப்பும், அடுத்த நான்கு மாதம் இன்னொன்றில் லேத்தும், பிறகு அசெம்பிளியும் கற்கலாம். உதவித்தொகையைச் சங்கமும் அரசும் சேர்ந்து கொடுக்கட்டும். இந்த ஊருக்கு அது புதிதும் அல்ல. பி.எஸ்.ஜி. குடும்பத்தார் 1926-இல் அறக்கட்டளை தொடங்கித் தொழிற்கூடத்தோடு சேர்ந்த படிப்பை வளர்த்தார்கள். 1945-இல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாகக் காரணமாக இருந்த ஜி.டி. நாயுடு, நான்கு வருடம் ஏட்டில் கற்பதைக் குறைந்த காலத்தில் கைவேலையோடு கற்றுத்தரலாம் என்று வாதாடி, அது ஏற்கப்படாதபோது அதிலிருந்து விலகினார்.

எதை எண்ணுகிறோம்

இத்தனை லட்சம் பேருக்குப் பயிற்சி, இத்தனை லட்சம் சான்றிதழ் என்று அறிக்கைகள் வரும். குறுகிய காலப் பயிற்சிகளில் இதுதான் பெரிய நோய். சான்றிதழுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பயிற்சி மையத்துக்குப் பணம் போகும்போது, மையம் சான்றிதழைத்தான் தயாரிக்கும். சாரதா பிரசாத் தலைமையிலான குழு மத்திய அரசுக்கு அளித்த அறிக்கை இந்தத் துறையின் அமைப்பையே கடுமையாக விமர்சித்தது. 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் கவுன்சில் என்ற ஒழுங்குமுறை அமைப்பு, சான்றிதழ் தருபவர்களையும் மதிப்பிடுபவர்களையும் கண்காணிக்க வேண்டும் என்பதற்காக வந்தது.

கேட்க வேண்டிய கணக்கு வேறு. படித்து ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் தாங்கள் கற்ற தொழிலிலேயே இருக்கிறார்கள்? என்ன சம்பளம்? கம்பெனி ரோலா, காண்ட்ராக்டா? இந்த மூன்று எண்களை ஒவ்வொரு ஐ.டி.ஐ.யும் டிரேடு வாரியாகத் தன் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தால், பத்து வருடத்தில் நடக்காத மாற்றம் இரண்டு வருடத்தில் நடக்கும்.

2025 மே மாதம் மத்திய அமைச்சரவை 60,000 கோடி ரூபாயில் ஐ.டி.ஐ. மேம்பாட்டுத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. ஆயிரம் அரசு ஐ.டி.ஐ.க்கள் இதில் வருகின்றன; அவற்றில் இருநூறு மைய நிலையங்கள், மீதி எண்ணூறும் அவற்றோடு இணைந்த கிளைகள். நிர்வாகத்தில் தொழில் நிறுவனங்களுக்கும் இடம். சென்னை நிலையம் உள்பட ஐந்து தேசியப் பயிற்சி நிலையங்கள் இதில் மேம்படுகின்றன. தொழில் துறையைப் பாடத்திட்ட மேஜைக்கு அழைப்பது சரியே. அதே சமயம் ஒரு கம்பெனியின் ஒரு லைனுக்கு மட்டும் பொருந்தும்படி இரண்டு வருடப் படிப்பைச் சுருக்கிவிடக் கூடாது. அந்த லைனை மூடிவிட்டு கம்பெனி வேறு மாநிலம் போனால் பையன் தெருவில் நிற்பான். தட்டையும் செங்கோணமும், மின்னோட்டமும் வரைபடமும் எந்த ஊருக்குப் போனாலும் கூட வரும்.

பிள்ளையைச் சேர்க்கும் முன்

போன் செய்பவர்களுக்கு நான் சொல்வதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ.க்கு நேரில் போங்கள், விண்ணப்பம் வாங்க மட்டும் போகாதீர்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கேட்கும் டிரேடு தேசியச் சான்றிதழுக்கு அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். அந்த அங்கீகாரத்தைப் பேச்சு வழக்கில் இன்னும் என்.சி.வி.டி. என்பார்கள். ஒரே நிலையத்தில் ஒரு டிரேடுக்கு அது இருக்கும், இன்னொன்றுக்கு இல்லாமல் இருக்கலாம். போன வருடம் படித்த இரண்டு பேரின் போன் நம்பர் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே பதில்.

பிறகு பட்டறைக்குள் நடந்து பாருங்கள். மெஷின் மேல் துணி போர்த்தியிருக்கிறதா, அடியில் இரும்புச் சீவல் சிதறிக் கிடக்கிறதா? வெல்டிங் ஷாப்பில் மூலையில் ஒரு பழைய டின் இருக்கும், எரித்து மிஞ்சிய ராடு துண்டுகளைப் போடுவது. அது எவ்வளவு நிறைந்திருக்கிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை கொட்டுகிறார்கள் என்று அங்கே நிற்கும் பையனிடம் கேளுங்கள்.